எண்ணிம நகல் பூட்டுகளும் திறந்த மூல மென்பொருளும்

எண்ணிம உரிமை மேலாண்மை (சுருக்கமாக டி.ஆர்.எம்) என்பது மின்னூல், பாடல், திரைப்படம், கணினி விளையாட்டு போன்றவற்றைப் படியெடுக்கவோ, வேறு கருவியில் திறக்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ முடியாதபடி தடுக்கும் தொழில்நுட்பங்களின் பொதுப்பெயர். விற்பவர்கள் இதனை உரிமைப் பாதுகாப்பு என்கிறார்கள். இதனை எதிர்த்து 2006-இல் தனி இயக்கமே தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, 'உரிமை' என்ற சொல்லை நீக்கிவிட்டு 'எண்ணிமக் கட்டுப்பாட்டு மேலாண்மை' என்று எழுதுகிறது. வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் பின்னதே பொருத்தமான பெயர்.

அச்சு நூல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியவர் அதனை நண்பருக்கு இரவல் தரலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம். பதிப்பகம் மூடப்பட்டாலும் அலமாரியில் உள்ள நூல் அங்கேயே இருக்கும். பூட்டப்பட்ட மின்னூலை வாங்கியவருக்கு இவற்றில் எதுவும் உறுதியில்லை. பெரிய மின்னூல் கடைகளின் விதிமுறைகளைப் பொறுமையாகப் படித்தால், அங்கே விற்கப்படுவது நூல் அல்ல, நூலைப் படிப்பதற்கான உரிமம் மட்டுமே என்பது தெரியவரும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒரு சட்டம், இத்தகைய உரிமத்தை விற்கும் கடைகள் அது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது. இணைய இணைப்பு இல்லாமலும் பயன்படும்படி நிலையாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளக் கூடிய கோப்புகளுக்கு மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. அந்தச் சிறிய விலக்குதான் இங்கே கவனிக்க வேண்டியது. கோப்பு யார் கையில் இருக்கிறது, அதனைத் திறக்கும் மென்பொருள் யார் சொல்வதைக் கேட்கிறது என்ற இரண்டு கேள்விகளும் பிரிக்க முடியாதவை.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

மறையாக்கம் என்ற நுட்பம் பொதுவாக மூன்று பேரை மனத்தில் வைத்து அமைக்கப்படுகிறது: அனுப்புபவர், பெறுபவர், இடையில் ஒட்டுக்கேட்க முயலும் மூன்றாமவர். கைப்பேசியில் வங்கிக் கணக்கைப் பார்க்கும்போது வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் சாவி இருக்கிறது, ஒட்டுக்கேட்பவரிடம் இல்லை. டி.ஆர்.எம்மில் இந்த மூன்றாமவர் கிடையாது. பெறுபவரும் சந்தேகத்துக்குரியவரும் ஒரே ஆள், அதாவது காசு கொடுத்த வாடிக்கையாளர். அவர் படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சாவி அவருடைய கருவிக்குள் போயே ஆக வேண்டும். ஆனால் அது அவர் கண்ணில் படக் கூடாது. வீட்டின் சாவியை வீட்டுக்குள்ளேயே, வீட்டுக்காரருக்குத் தெரியாத இடத்தில் ஒளித்து வைப்பது போன்ற வேலை இது.

ஒளித்து வைக்கும் பொறுப்பு, கோப்பைத் திறக்கும் மென்பொருளின் மேல் விழுகிறது. அந்த மென்பொருள் தன் உள்ளமைப்பைப் பயனரிடமிருந்து மறைக்க வேண்டும். பயனர் "சேமி" என்றால் மறுக்க வேண்டும். பயனர் அதனை மாற்ற முயன்றால் இயங்காமல் நின்றுவிட வேண்டும்.

திறந்த மூல மென்பொருளின் உரிமம் இதற்கு நேர் எதிரானது. மூல நிரலைப் படிக்கவும், மாற்றவும், மாற்றியதைப் பிறருடன் பகிரவும் அது அனைவருக்கும் அனுமதி தருகிறது. சாவி எங்கே இருக்கிறது என்பதை நிரலைப் படித்தே கண்டுபிடிக்கலாம். "அனுமதி இல்லையென்றால் சேமிக்காதே" என்று ஒரு வரி இருந்தால் அந்த வரியை நீக்கிவிட்டு மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம். ஆகவே, பயனர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக் கூடிய ஒரு மென்பொருளில் நகல் பூட்டு நிலைக்காது. திறந்த மூல ஆதரவாளர்கள் டி.ஆர்.எம்மை எதிர்ப்பது வெறும் கொள்கைப் பிடிவாதம் என்று சிலர் கருதுவதுண்டு. அதற்கும் முன்னால் இது ஒரு பொறியியல் முரண்.

இந்த முரணைப் பூட்டு செய்வோர் மூன்று வழிகளில் கடக்கிறார்கள். லினக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்கு மென்பொருளே தராமல் விடுவது முதல் வழி. அடோபியின் மின்னூல் படிப்பானான டிஜிட்டல் எடிஷன்ஸுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. திறந்த மூல மென்பொருளுக்குள் மூல நிரல் காட்டப்படாத ஒரு துண்டைச் செருகுவது இரண்டாம் வழி. இன்றைய உலாவிகளில் நடப்பது இதுதான். மூன்றாவது வழி, பூட்டை வன்பொருளில் வைப்பது. டிவோ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் பதிவுக் கருவி லினக்ஸ் கருவைக் கொண்டு இயங்கியது. உரிமம் கேட்டபடி மூல நிரலையும் அந்த நிறுவனம் வெளியிட்டது. ஆனால் யாராவது நிரலை மாற்றிக் கருவியில் ஏற்றினால் கருவி அதனை ஏற்க மறுத்தது. நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், ஆனால் சொந்தக் கருவியில் ஓட்ட முடியாது. இந்தத் தந்திரத்தைத் தடுக்கும் பிரிவுகளுடன் குனூ பொதுமக்கள் உரிமத்தின் 3-ஆம் பதிப்பு 2007 ஜூன் 29 அன்று வெளியானது. லினஸ் டோர்வால்ட்ஸ் அதனை ஏற்கவில்லை. லினக்ஸ் கரு இன்றும் 2-ஆம் பதிப்பின் கீழேயே வெளிவருகிறது. ஆகவே 'உள்ளே லினக்ஸ் இருக்கிறது' என்பதால் மட்டும் ஒரு கருவி வாங்கியவரின் சொல்லைக் கேட்கும் என்று எண்ணிவிட முடியாது. பெரும்பாலோர் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியே இதற்குச் சான்று.

டிவிடி வழக்கு

திரைப்பட டிவிடிகள் 1990-களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தபோது சிஎஸ்எஸ் என்ற 40 பிட் மறையாக்கத்துடன் வந்தன. டிவிடி இயக்கி செய்ய விரும்பும் நிறுவனம் பணம் கட்டி, இரகசியம் காப்பதாக ஒப்பந்தமிட்டு, ஒரு சாவியைப் பெற வேண்டும். உலகம் வட்டாரங்களாகவும் பிரிக்கப்பட்டது. அமெரிக்கா 1, மேற்கு ஐரோப்பா 2, தென்கிழக்கு ஆசியா 3, இந்தியத் துணைக்கண்டம் 5. ஒரு வட்டாரத்தில் முறையாக வாங்கிய தட்டு இன்னொரு வட்டாரத்தின் கருவியில் ஓடாது. திருட்டைத் தடுப்பதற்கும் இந்த வட்டாரப் பிரிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எந்த நாட்டில் எப்போது, என்ன விலைக்கு விற்பது என்பதைக் கையில் வைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது.

மூல நிரலை வெளியிடும் லினக்ஸ் உலகத்தால் அத்தகைய இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட இயலாது. எனவே கடையில் காசு கொடுத்து வாங்கிய டிவிடியை லினக்ஸ் கணினியில் பார்க்க முறையான வழியே இல்லாமல் இருந்தது. 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறிய நிரல் இணையத்தில் வெளியானது. அதனை வெளியிட்டவர் நார்வேயைச் சேர்ந்த யோன் லெக் யோஹான்சன். அப்போது அவருக்கு வயது 15. பெயர் வெளியிடாத இருவருடன் சேர்ந்து அது உருவாக்கப்பட்டது. உரிமம் பெற்ற ஒரு மென்பொருள் இயக்கி தன் சாவியைச் சரியாக ஒளிக்காமல் விட்டிருந்ததே அவர்களுக்கு வாசலைத் திறந்தது.

அமெரிக்கத் திரைப்படத் துறையின் புகாரின் பேரில் நார்வே அரசு யோஹான்சன் மீது வழக்குத் தொடுத்தது. பிறர் உடைமையைத் திறந்து அத்துமீறினார் என்பது குற்றச்சாட்டு. 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. முறையாக வாங்கிய தட்டை வாங்கியவரே திறந்து பார்ப்பது அத்துமீறல் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அவர் விடுவிக்கப்பட்டார். அமெரிக்காவிலோ வேறு கதை. அந்த நிரலை இணையத்தில் வைத்த '2600' என்ற இதழுக்கு எதிராக 2000-இல் தீர்ப்பானது. 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. தடைக்கு எதிர்ப்பாகச் சிலர் அந்த நிரலைச் சட்டையில் அச்சிட்டு அணிந்தார்கள். ஒருவர் அதனை ஒரு நீண்ட பகா எண்ணாகவே மாற்றி வெளியிட்டார். ஓர் எண்ணைத் தடை செய்ய முடியுமா என்ற கேள்வி அப்போது வேடிக்கையாகவும் வினையாகவும் பேசப்பட்டது.

இன்று பரவலாகப் பயன்படும் விஎல்சி இயக்கி எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் பொறியியல் கல்லூரியின் மாணவர் திட்டமாக 1996-இல் தொடங்கியது. 2001 பிப்ரவரியில் அது குனூ பொதுமக்கள் உரிமத்தில் வெளியானது. பூட்டப்பட்ட டிவிடிகளைத் திறக்கும் நிரல்தொகுப்பு அதே குழுவிடமிருந்தே வருகிறது. எனினும் டெபியன், உபுண்டு ஆகியவை அதனைத் தங்கள் முதன்மைத் தொகுப்பில் சேர்ப்பதில்லை. சட்டச் சிக்கலுக்கு அஞ்சி, பயனரே தனியாக நிறுவிக்கொள்ளும்படி விட்டுவிடுகின்றன. புதிதாக உபுண்டுவுக்கு மாறியவர் டிவிடி ஓடவில்லையே என்று லினக்ஸைக் குறை சொல்வதுண்டு. குறை லினக்ஸில் இல்லை.

இசைத்தட்டில் வந்த வேவு நிரல்

2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் எக்ஸ்சிபி என்ற நகல் தடுப்பு மென்பொருளுடன் 50-க்கும் மேற்பட்ட இசைத்தொகுப்புகளை வெளியிட்டது. தட்டை விண்டோஸ் கணினியில் செருகிக் கேட்கத் தொடங்கியதும் அந்த மென்பொருள் இயங்குதளத்தின் ஆழத்தில் தன்னைப் பதித்துக்கொண்டு, தான் இருப்பதையே மறைத்தது. குறிப்பிட்ட எழுத்துகளில் பெயர் தொடங்கும் எந்தக் கோப்பும் பயனரின் கண்ணுக்குத் தெரியாது. வழக்கமாகக் கணினி நச்சுநிரல்கள் கையாளும் உத்தி இது. கணினி வல்லுநரான மார்க் ருசினோவிச் தம் சொந்தக் கணினியில் இதனைக் கண்டுபிடித்து அக்டோபர் 31 அன்று எழுதினார். சில நாள்களிலேயே உண்மையான நச்சுநிரல்கள் அதே திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தொடங்கின. அதனை அகற்றுவதற்கென்று நிறுவனம் கொடுத்த கருவியோ இன்னொரு பாதுகாப்பு ஓட்டையை உண்டாக்கியது. நவம்பரில் தட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. வழக்குகளும் இழப்பீடுகளும் தொடர்ந்தன.

அதே தட்டு லினக்ஸ் கணினியில் ஒரு சாதாரணப் பாட்டுத் தட்டாகவே ஓடியது. இசைத்தட்டை இணையத்திலிருந்து திருட்டுத்தனமாக எடுத்தவருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை. கடைக்குப் போய்க் காசு கொடுத்தவரின் கணினிதான் கெட்டது. பிறகு தெரியவந்த ஒரு செய்தி இன்னும் விசித்திரமானது. பதிப்புரிமையைக் காக்க வந்த அந்த மென்பொருளுக்குள் லேம் என்ற திறந்த மூல ஒலிக்கருவியின் நிரல் பகுதிகள், அதன் உரிம நிபந்தனைகளை நிறைவேற்றாமல் பயன்படுத்தப்பட்டிருந்தன.

கடை மூடும் நாள்

பூட்டின் பெரிய ஆபத்து இதுபோன்ற ஊழல்களில் இல்லை. அது சத்தமில்லாமல் வருவது. பூட்டிய கோப்பு, தன்னைத் திறக்கலாமா என்று எங்கோ உள்ள ஒரு வழங்கியைக் கேட்கிறது. அந்த வழங்கியை நடத்துவது இலாபமில்லை என்று நிறுவனம் முடிவு செய்தால் கோப்பு கையில் இருந்தும் பயனில்லை.

எம்எஸ்என் மியூசிக் கடையில் பாட்டு வாங்கியவர்களுக்கு 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. ஆகஸ்ட் 31-க்குப் பிறகு புதிய கணினிக்குப் பாட்டுகளை மாற்ற முடியாது என்பது அதன் செய்தி. எதிர்ப்பு வலுத்ததால் கெடு 2011 இறுதிவரை நீட்டப்பட்டது. யாஹூவின் இசைக் கடையும் அதே 2008 செப்டம்பரில் மூடியது. 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாசகர்கள் வாங்கியிருந்த நூல்கள் ஜூலை முதல் திறக்கவில்லை. பணம் முழுவதும் திருப்பித் தரப்பட்டது. நூலில் குறிப்பெழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். நியாயமான ஈடுதான். ஆனால் ஓரங்களில் எழுதிய குறிப்புகளுக்கு விலை போட்டுத் தர வேண்டிய நிலை அச்சு நூலில் வந்ததே இல்லை.

2009 ஜூலையில் கிண்டில் வாசகர்கள் சிலர் தங்கள் கருவியைத் திறந்தபோது ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நூல்களைக் காணவில்லை. அமெரிக்காவில் அவற்றை விற்கும் உரிமை இல்லாத ஒரு பதிப்பாளர் அவற்றைக் கடையில் ஏற்றியிருந்தார். அது தெரிந்ததும் அமேசான் நிறுவனம் கடையிலிருந்து நீக்கியதோடு நிற்காமல், விற்றுவிட்ட படிகளையும் தொலைவிலிருந்தே அழித்துவிட்டது. பள்ளி மாணவர் ஒருவர் பாடத்துக்காக எழுதி வைத்திருந்த குறிப்புகளும் அதனால் பயனற்றுப் போய், வழக்கு நீதிமன்றம் சென்றது. நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. எல்லாவற்றையும் கண்காணிக்கும் அரசைப் பற்றிய நூலே அழிக்கப்பட்டது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயல்தான் செய்தியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வேறு ஏதாவது நூலாக இருந்திருந்தால் இவ்வளவு பேர் கவனித்திருக்க மாட்டார்கள்.

2025 பிப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூல்களைக் கணினியில் தரவிறக்கி யுஎஸ்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியும் நிறுத்தப்பட்டது.

உலாவிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி

இசைத் துறையில் பூட்டு தோற்றுப்போனது. ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணக்கைச் சொன்னார். 2006-இல் இணையக் கடைகள் பூட்டுடன் விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டில் அதே இசை நிறுவனங்கள் எந்தப் பூட்டும் இல்லாத இசைத்தட்டுகளில் விற்ற பாடல்கள் 2,000 கோடிக்கும் மேல். பின் கதவு அகலத் திறந்து கிடக்கும்போது முன் கதவில் பூட்டு எதற்கு? 2009-இல் ஐடியூன்ஸ் கடை தன் பாடல்கள் அனைத்திலும் பூட்டை நீக்குவதாக அறிவித்தது.

திரைப்படத்தில் நடந்தது இதற்கு மாறானது. சந்தா கட்டிப் படம் பார்க்கும் தளங்கள் பெருகியபோது பூட்டு உலாவிக்குள் வந்தது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் இதற்கான இடைமுகத்தைத் தர நியமமாக ஏற்க வாக்கெடுப்பு நடத்தியது. 108 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள், 57 பேர் எதிர்த்தார்கள், 20 பேர் விலகி நின்றார்கள். ஒருமித்த கருத்தில் இயங்கிப் பழகிய அந்த அமைப்பில் இவ்வளவு எதிர்ப்பு அரிது. 2017 செப்டம்பர் 18 அன்று நியமம் வெளியானது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் அறக்கட்டளை அன்றே உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகியது.

நியமம் திறந்தது, உள்ளே இயங்கும் மறைநீக்கத் துண்டு மூடியது. பெரும்பாலான உலாவிகளில் அது கூகுளின் வைட்வைன். ஃபயர்பாக்ஸை நடத்தும் மொசில்லா, கொள்கையளவில் இதனை விரும்பவில்லை என்று சொல்லிக்கொண்டே 2014-இல் இணங்கியது. இணங்காவிட்டால் பயனர்கள் படம் பார்க்க வேறு உலாவிக்குப் போய்விடுவார்கள் என்பது அதன் கணிப்பு. கணிப்பு தவறென்று சொல்ல முடியாது. ஆனால் சிறிய உருவாக்குநர்களுக்கு அந்த இணக்கமும் கிடைப்பதில்லை. 2019-இல் ஒரு திறந்த மூல உலாவியை எழுதிக்கொண்டிருந்தவர் வைட்வைன் அனுமதி கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். கடைசியில் கிடைத்தது மறுப்பு. யார் வேண்டுமானாலும் உலாவி எழுதலாம் என்பது இணையத்தின் பழைய நிலை. படம் ஓட வேண்டுமென்றால் ஒரு நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பது இன்றைய நிலை.

ஃபயர்பாக்ஸின் அமைப்புகளில் டி.ஆர்.எம் உள்ளடக்கத்தை இயக்குவதற்கான தேர்வை நீக்கிவிட்டால் அந்தத் துண்டு இயங்காது. சந்தாத் தளங்கள் ஓடாது, மற்ற அனைத்தும் வழக்கம்போல ஓடும். எந்தெந்தத் தளம் பூட்டைக் கேட்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள இது எளிய வழி.

சட்டம் சொல்வது

நகல் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கும் போக்கு 1996-ஆம் ஆண்டின் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உடன்படிக்கைகளில் தொடங்குகிறது. அமெரிக்கா 1998-இல் அதனைக் கடுமையான வடிவில் சட்டமாக்கியது. அங்கே பூட்டை எதற்காக உடைத்தாலும் பெரும்பாலும் குற்றம்தான். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சில விலக்குகள் அறிவிக்கப்படுகின்றன.

இந்தியா வேறு பாதையை எடுத்தது. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. 'மீறும் நோக்கத்துடன்' என்ற சொற்களே இதில் முக்கியமானவை. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பது குற்றமாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அத்தகைய காரியத்துக்குப் பிறருக்கு உதவுபவர் மட்டும், யாருக்கு எதற்காக உதவினார் என்ற விவரங்களைப் பதிவு செய்து வைக்க வேண்டும். இதனைப் பூட்டை உடைப்பதற்கான பொது அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பூட்டு இல்லாத கோப்பாக இருந்தாலும் பதிப்புரிமை அப்படியே இருக்கிறது. பூட்டில்லாமல் வாங்கிய நூலை ஊருக்கெல்லாம் அனுப்புவது எழுத்தாளரின் வயிற்றில் அடிப்பதுதான்.

பார்வையற்ற வாசகர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. திரைவாசிப்பான் மென்பொருள் எழுத்துகளை எடுத்து ஒலியாக மாற்றுகிறது. எழுத்தைத் தொடவிடாத பூட்டு, திரைவாசிப்பானையும் திருடனாகவே நடத்துகிறது. 2009-இல் கிண்டில் 2 கருவி நூலை உரக்கப் படிக்கும் வசதியுடன் வந்தபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. அமேசான் நிறுவனம், நூல்வாரியாக அந்த வசதியை அணைக்கும் உரிமையைப் பதிப்பாளர்களுக்குக் கொடுத்தது. பார்வையற்றோர் அமைப்புகள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. படிக்க இயலாதோருக்கு ஏற்ற வடிவில் நூல்களை மாற்றித் தருவதற்கான மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது. 2014 ஜூனில் அதனை உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. என்விடிஏ என்ற திறந்த மூலத் திரைவாசிப்பானும் ஈஸ்பீக் என்ற திறந்த மூல ஒலிப்பானும் தமிழையும் வாசிக்கின்றன. விலை எதுவும் இல்லை. அவற்றுக்குத் தேவை, திறந்து கிடக்கும் எழுத்து மட்டுமே.

தேர்ந்தெடுக்கும்போது

எந்த மென்பொருள் என்று பார்ப்பதற்கு முன் எந்தக் கோப்பு என்று பார்ப்பது நல்லது. ஓடிஎஃப் ஆவணங்கள், ஃபிளாக் ஒலிக்கோப்புகள், ஈபப் நூல்கள் ஆகியவற்றின் வடிவமைப்பு விவரங்கள் வெளிப்படையானவை. எந்த நிறுவனம் மறைந்தாலும் அவற்றைத் திறக்கும் நிரலை இன்னொருவர் எழுதிவிட முடியும். ஆனால் ஈபப் என்ற பெயரைப் பார்த்தே நம்பிவிடக் கூடாது. அந்த வடிவத்தின் மேலேயே பூட்டும் போடலாம். நூலை வாங்கியதும் ஈபப்புக்குப் பதிலாக ஏசிஎஸ்எம் என்று முடியும் சிறு கோப்பு இறங்கினால் அது அடோபியின் பூட்டு. அது நூலே அல்ல, நூலைப் பெறுவதற்கான சீட்டு.

ஒரு கடையைப் பற்றி முடிவெடுக்க எளிய சோதனை உண்டு. இலவச நூலோ மாதிரிப் பாடலோ ஒன்றைத் தரவிறக்கி, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்தக் கடைக்குத் தொடர்பில்லாத வேறொரு மென்பொருளில் திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் அந்தக் கோப்பு வாங்கியவருடையது. விளையாட்டுகளுக்கு ஜிஓஜி, இசைக்குப் பேண்ட்கேம்ப் போன்ற கடைகள் 2008 முதல் இந்த அடிப்படையிலேயே விற்கின்றன. அறிவியல் புனைகதைகளுக்குப் பெயர்பெற்ற டோர் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்களிலிருந்து பூட்டை நீக்கியது. ஓராண்டு கழித்து அதன் பிரித்தானியக் கிளை, திருட்டு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என்று அறிவித்தது.

மின்னூல்களை அடுக்கி வைக்கவும் வடிவம் மாற்றவும் கேலிபர் என்ற மென்பொருள் இன்று ஏறத்தாழ இணையற்றது. அதன் தொடக்கமே இந்தக் கட்டுரையின் பொருளோடு ஒட்டியது. சோனி 2006-இல் வெளியிட்ட மின்னூல் படிப்பான் லினக்ஸுடன் பேசவில்லை. அதனை வாங்கியிருந்த கோவித் கோயல் என்ற இந்தியர், கருவி எப்படிப் பேசுகிறது என்று ஆராய்ந்து தாமே ஒரு நிரல் எழுதினார். அதுதான் வளர்ந்து கேலிபர் ஆனது. பூட்டை நீக்கும் வேலையை அது செய்வதில்லை, பூட்டில்லாத நூல்களையே கையாளுகிறது. காணொளிக்கு விஎல்சி, அலுவலக ஆவணங்களுக்கு லிப்ரேஆபிஸ், இணையத்துக்கு ஃபயர்பாக்ஸ் என்று விண்டோஸிலேயே தொடங்கலாம். ஒரே நாளில் லினக்ஸுக்குத் தாவி, ஒரு வாரத்தில் சலித்துத் திரும்பியவர்கள் அதிகம். மென்பொருள்கள் பழகிவிட்டால் அடியில் உள்ள இயங்குதளத்தை மாற்றுவது பெரிய வேலையாகத் தோன்றாது.

எல்லாவற்றிலும் பூட்டைத் தவிர்ப்பது நடைமுறையில் கடினம். சந்தா கட்டி ஒரு படத்தை ஒருமுறை பார்ப்பவர், வாடகைக்கு எடுத்ததாகவே நினைத்துக் கட்டுகிறார். அங்கே ஏமாற்றம் குறைவு. நிலையாக வைத்துக்கொள்ளப் போகிற பாடநூல், அகராதி, பிடித்த நாவல், பிள்ளைகளுக்குச் சேர்த்து வைக்கும் பாட்டு ஆகியவற்றில்தான் கவனம் வேண்டும். வாடகைப் பொருளை விற்பனை விலைக்கு வாங்குவதுதான் நட்டம்.

தமிழில் இந்தக் கவனத்துக்குத் தனிக் காரணம் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 முதலும், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் 2005 முதலும் தன்னார்வலர்களின் உழைப்பால் பூட்டில்லாத தமிழ் நூல்களை இணையத்தில் வைத்து வருகின்றன. ஃபிரீதமிழ்ஈபுக்ஸ் தளம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எழுத்தாளர்களே தந்த நூல்களை வெளியிடுகிறது. கல்கி உள்ளிட்ட பல எழுத்தாளர்களின் படைப்புகளைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அவற்றை யாரும் அச்சிடலாம், மின்னூலாக்கலாம், விற்கலாம். ஆனால் பூட்டுக்கு இது தெரியாது. பொதுவுடைமையான ஒரு நாவலை யாரோ ஒருவர் பூட்டுடன் கடையில் ஏற்றினால், எல்லோருக்கும் சொந்தமான எழுத்து ஒரு கணக்குக்குள்ளும் ஒரு கருவிக்குள்ளும் அடைபட்டுவிடுகிறது. அதே நாவல் மதுரைத் திட்டத்தில் திறந்து கிடப்பது பலருக்குத் தெரிவதுமில்லை.

கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் நூல்களுக்குக் கதவைத் திறந்த பிறகு, பதிப்பகம் இல்லாமல் தாமே நூல் வெளியிடும் தமிழ் எழுத்தாளர்கள் பெருகினர். நூலைப் பதிவேற்றும்போது டி.ஆர்.எம் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. அட்டைப்படம், விலை, வகைப்பாடு என்று நிரப்பிக்கொண்டே வருபவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் கடந்து போகும் இடம் அது. அந்த இடத்தில் எழுத்தாளர் 'வேண்டாம்' என்று குறித்தாலும் பதிப்புரிமையோ வருமானப் பங்கோ மாறுவதில்லை.